காய்கள் சமமாக இருக்கும்போது வெள்ளைக்கு என்ன கூடுதல்?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்பு படிக்கும் உங்கள் மகள் கருப்புக் காய்களோடு உட்காரும்போதெல்லாம் ஒரே ஓபனிங்கை, அதாவது ஒரே தொடக்க மூவ்களை, ஆடுகிறாள். (எழுத்தும் எண்ணும் சேர்ந்தது கட்டத்தின் பெயர். காயின் பெயர் சொல்லாவிட்டால் அங்கே போவது சிப்பாய்.) வெள்ளை இ4, கருப்பு இ5. வெள்ளை குதிரை எஃப்3, கருப்பு டி6. வெள்ளை டி4, கருப்பு பிஷப் ஜி4. நான்காவது மூவில் வெள்ளை டி4 சிப்பாயால் இ5ஐ வெட்டுகிறது. இவள் ஜி4 பிஷப்பால் எஃப்3 குதிரையை வெட்டுகிறாள். ஐந்தாவதில் வெள்ளை ராணி அந்த பிஷப்பை வெட்ட, இவள் டி6 சிப்பாயால் இ5ஐ வெட்டிக் கணக்கை நேர் செய்கிறாள். மீனாட்சிபுரத்தில் வீட்டில் உட்கார்ந்து போனில் எஞ்சினை, அதாவது நிலையை மதிப்பிடும் செஸ் நிரலை, போட்டுப் பார்த்தால் வெள்ளைக்கு 0.9 கூடுதல் என்று காட்டுகிறது. காய்களை எண்ணினீர்கள், இரண்டு பக்கமும் 14. யாரும் எதையும் இழக்காதபோது கிட்டத்தட்ட ஒரு சிப்பாய் அளவு கூடுதல் எங்கிருந்து வந்தது என்கிறீர்கள். அடுத்து எதை ஆடுவது என்று நீங்கள் கேட்கவில்லை. எண்ணிக்கை சமமாக இருக்கையில் ஒரு நிலை எதனால் நல்லதாகிறது என்று கேட்கிறீர்கள். பிள்ளைகளை டோர்னமெண்டுக்கு அழைத்துவரும் பெற்றோரில் பெரும்பாலோர் கேட்காமல் விடும் கேள்வி இது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் கொழிஞ்சாம்பாறையிலும் பொள்ளாச்சியிலும் பல வருடமாகப் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுப்பவன். டைட்டில் வாங்கிய ஆட்டக்காரன் இல்லை. கீழே எழுதுவதில் எது நிச்சயம், எது என் கணிப்பு என்று பிரித்தே சொல்கிறேன். காய்களின் பெயரில் ஒரு ஏற்பாடு: பாலக்காட்டுப் பக்கத்துப் பெரியவர்கள் பிஷப்பை ஆன என்பார்கள், நம் கோவைப் பக்கத்தில் யானை என்றால் ரூக். வகுப்பில் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் இருப்பதால் ரூக், பிஷப் என்றே சொல்லிப் பழகிவிட்டேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். ஒரு போர்டை எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள். போனில் படம் பார்த்தால் போதாது, காயைக் கையால் நகர்த்தினால்தான் இது பிடிபடும்.

நான்காவது மூவிலிருந்து தொடங்குகிறேன். ஜி4இல் நிற்கும் பிஷப், எஃப்3 குதிரையை அதன் பின்னால் டி1இல் நிற்கும் ராணியோடு சேர்த்து 'பின்' (pin) போட்டிருக்கிறது. குதிரை நகர்ந்தால் ராணி போய்விடும். அதனால்தான் உங்கள் மகளுக்கு இந்த மூவ் பிடித்திருக்க வேண்டும், பார்க்கவும் கம்பீரமாக இருக்கும். ஆனால் வெள்ளை டி4 சிப்பாயால் இ5ஐ வெட்டியதும் கருப்புக்கு ஒரு நெருக்கடி வருகிறது. டி6 சிப்பாயால் உடனே திரும்ப வெட்டினால் டி வரிசை திறந்துவிடும். வெள்ளை ராணி டி8இல் உள்ள ராணியை வெட்டிச் செக் சொல்லும், கருப்பு ராஜா அதை வெட்டியாக வேண்டும். இப்போது டி1இல் ராணியே இல்லை, ஆகவே அந்த 'பின்' என்ற கட்டும் இல்லை. எஃப்3 குதிரை இ5 சிப்பாயைச் சும்மா எடுத்துக்கொண்டு, அங்கிருந்தே எஃப்7 சிப்பாயையும் ஜி4 பிஷப்பையும் மிரட்டும். இதைத் தவிர்க்கத்தான் கருப்பு முதலில் பிஷப்பைக் கொடுத்துக் குதிரையை வாங்க வேண்டியிருக்கிறது. அந்த மாற்றம் அவள் விரும்பிச் செய்ததல்ல, வேறு வழியில்லாமல் செய்தது. விலை அங்கேயே கொடுக்கப்பட்டுவிட்டது, கணக்கில் மட்டும் அது தெரியவில்லை.

இப்போது ஐந்து மூவ் முடிந்த நிலையைப் பாருங்கள். ஆளுக்கு ஏழு சிப்பாய், ஒரு ராணி, இரண்டு ரூக். வெள்ளைக்கு இரண்டு பிஷப், ஒரு குதிரை. கருப்புக்கு ஒரு பிஷப், இரண்டு குதிரை. பிஷப்புக்கும் குதிரைக்கும் மூன்று மூன்று புள்ளி என்று புத்தகத்தில் போட்டிருப்பதால் கூட்டினால் சமம் வருகிறது. ஆனால் ஒவ்வொரு காயும் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். கருப்பின் ராஜா, ராணி, ரூக்குகள், குதிரைகள், மிஞ்சிய பிஷப் எல்லாம் ஆட்டம் தொடங்கியபோது நின்ற கட்டத்திலேயே நிற்கின்றன. வெளியே வந்தது ஒரே ஒரு பிஷப், அது செத்துவிட்டது. அந்த பிஷப்புக்காகச் செலவான இரண்டு மூவுக்கு ஈடாகக் கருப்பிடம் வெளியே நிற்கும் காய் ஒன்றுகூட இல்லை. வெள்ளைக்கு ராணி எஃப்3இல் வந்து நிற்கிறது, அடுத்த மூவும் வெள்ளையுடையது. ராணியைச் சீக்கிரம் வெளியே கொண்டுவரக் கூடாது என்று நாங்களே சொல்லிக்கொடுப்போம். காரணம், எதிரியின் சின்னக் காய்கள் அதை விரட்டி விரட்டி மூவ் சம்பாதிக்கும். இங்கே விரட்டக் கருப்பிடம் வெளியே வந்த காயே இல்லை.

இனி நீங்கள் தேடும் சிப்பாய்க்கு வருகிறேன். சி8இல் இருந்த பிஷப் ஆட்டம் தொடங்கும்போது என்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தது என்று யோசித்துப் பாருங்கள். சும்மா நிற்பதாகத்தான் தோன்றும். ஆனால் பி7 சிப்பாய்க்கு இருந்த ஒரே காவல் அதுதான். எஃப்7க்கு ராஜா காவல், சி7க்கு ராணி காவல், ஏ7க்கு ரூக் காவல். பி7க்கு அந்த பிஷப் மட்டும்தான். அது ஜி4க்குப் போனபோதே பி7 காவலற்றுப் போனது. எஃப்3இல் வெட்டுப்பட்டதும் திரும்பி வரும் வழியும் இல்லாமல் போனது.

ஆறாவது மூவில் வெள்ளை பிஷப் சி4. ராணியும் பிஷப்பும் சேர்ந்து எஃப்7ஐப் பார்க்கின்றன, அடுத்த மூவில் அங்கே மேட். பெரும்பாலான பிள்ளைகள் குதிரை எஃப்6 ஆடி ராணியின் வழியை மறிப்பார்கள், உங்கள் மகளும் அதைத்தான் ஆடியிருப்பாள் என்று நினைக்கிறேன். ஏழாவது மூவில் வெள்ளை ராணி எஃப்3இலிருந்து பி3க்கு ஒதுங்கும். அவ்வளவுதான். இப்போது எஃப்7க்கு பிஷப்பும் அதன் பின்னால் ராணியும் குறி, பி7க்கு ராணி மட்டும் குறி. ஒரே மூவில் இரண்டையும் காக்கக் கருப்பால் முடியாது. ராணி இ7 ஆடி எஃப்7ஐக் காத்தால், வெள்ளை பி7ஐ எடுக்கலாம். கருப்பு ராணி பி4இல் செக் சொல்லி ராணிகளை மாற்றிக்கொண்டு ஏ8 ரூக்கைக் காப்பாற்றும், ஆனால் ஒரு சிப்பாய் குறைவு. நீங்கள் தேடிய அந்தச் சிப்பாய் இதுதான், பி7இல் நின்றது. ஐந்தாவது மூவில் அது இன்னும் போர்டில் இருந்தாலும், காக்க ஆளில்லை என்பதால் எஞ்சின் அதைக் கிட்டத்தட்டப் போன கணக்கில் வைத்துவிட்டது. இந்த வரிசையில் எனக்குச் சந்தேகமே இல்லை. நீங்களே போர்டில் வைத்துச் சரிபார்க்கலாம், கோச் சொன்னார் என்று நம்பவே வேண்டாம்.

அப்படியானால் எஞ்சின் ஏன் முழுசாக ஒன்று என்று காட்டவில்லை? ஆறாவது மூவில் கருப்புக்கு வேறு வழிகளும் இருக்கின்றன. ராணி டி7 ஆடினால், வெள்ளை ராணி பி3 வந்த பிறகு கருப்பு சி6 என்று சிப்பாயைத் தள்ளலாம். சி7 காலியாகிவிடுவதால் டி7இல் நிற்கும் ராணி ஒரு பக்கம் எஃப்7ஐயும் இன்னொரு பக்கம் பி7ஐயும் காக்கும். சிப்பாய் தப்பியது. ஆனால் பி8 குதிரை வெளியே வர இருந்த நல்ல கட்டமான சி6ஐ இப்போது சொந்தச் சிப்பாயே அடைத்துக்கொண்டது, ராணியோ இரண்டு பக்கமும் காவலுக்குக் கட்டுப்பட்டு நிற்கிறது. இன்னொரு வழி ராணி எஃப்6. வெள்ளை ராணி மாற்றத்துக்குப் போகாமல் பி3க்கே வரும், கருப்பு பி6 என்று தள்ளும், வெள்ளைக் குதிரை சி3 வந்து டி5இல் குதிக்கக் காத்திருக்கும். டி5க்கு வந்தால் எஃப்6 ராணிக்கும் சி7 சிப்பாய்க்கும் ஒரே குதிரையின் மிரட்டல். ஆக, நன்றாகத் தடுத்தால் கருப்பு சிப்பாயை இழக்காமல் இருக்கலாம், பதிலுக்கு மூவையோ நல்ல கட்டத்தையோ கொடுத்தாக வேண்டும். வெள்ளையின் கூடுதல் என்பது ஒரு பொருளாகக் கைக்கு வராமல் இப்படி ஒன்றிலிருந்து இன்னொன்றாக மாறிக்கொண்டே இருக்கும். தொடக்க நிலைகளைப் புரிந்துகொள்வதில் இதைவிட முக்கியமான விஷயம் எனக்குத் தெரிந்து இல்லை.

இதே ஓபனிங்கில் உலகப் புகழ் பெற்ற ஆட்டம் ஒன்று இருக்கிறது, அதை மகளோடு சேர்ந்து ஆடிப்பாருங்கள். 1858இல் பாரிஸில், ஓர் ஆபரா அரங்கின் தனி மாடத்தில், அமெரிக்கரான பால் மார்ஃபி வெள்ளைக் காய்களோடு ஆடினார். எதிரில் பிரன்ஸ்விக் டியூக்கும் ஐசுவார் பிரபுவும் சேர்ந்து கலந்து பேசி ஆடினார்கள். ஏழாவது மூவில் மார்ஃபி ராணி பி3, அவர்கள் ராணி இ7. இங்கே பி7ஐ எடுத்திருந்தால் சிப்பாய் நிச்சயம். எஃப்7இல் பிஷப்பைக் கொடுத்துச் செக் சொல்லி, ராணி அதை வெட்டினால் பி7ஐ எடுத்து ஏ8 ரூக்கைப் பிடிக்கவும் வழி இருந்தது. மார்ஃபி இரண்டையும் செய்யாமல் குதிரையை சி3இல் வைத்தார். அவர்கள் சி6, இவர் பிஷப் ஜி5, அவர்கள் பி5. பத்தாவது மூவில் குதிரையால் பி5ஐ வெட்டினார். சி6 சிப்பாய் குதிரையை வெட்ட, பிஷப் பி5ஐ வெட்டிச் செக். பி8 குதிரை டி7இல் வந்து மறிக்க, பன்னிரண்டாவது மூவில் ராணி பக்கம் கேஸ்லிங் (ராஜாவும் ரூக்கும் ஒரே மூவில் நகர்வது), ஒரே அடியில் ரூக்கும் டி வரிசைக்கு வந்துவிட்டது. கருப்பு ரூக் டி8. வெள்ளை ரூக் டி7இல் வெட்ட, கருப்பு ரூக் அதை வெட்ட, அடுத்த வெள்ளை ரூக் டி1. கருப்பு ராணி இ6. பிஷப் டி7 ரூக்கை வெட்டிச் செக், எஃப்6 குதிரை பிஷப்பை வெட்டியது. பதினாறாவது மூவில் ராணியையே பி8இல் கொடுத்துச் செக், குதிரை அதை வெட்டிற்று, பதினேழில் ரூக் டி8இல் மேட். ஆட்டம் முடிந்தபோது கருப்பின் எஃப்8 பிஷப்பும் எச்8 ரூக்கும் ஒருமுறைகூட நகரவில்லை. வெள்ளையில் வேலை செய்யாத காயே இல்லை.

மார்ஃபி சிப்பாயை எடுத்திருந்தாலும் ஜெயித்திருப்பார் என்றே நினைக்கிறேன். அவர் எடுத்த வழி சிறந்ததா, சிப்பாயை எடுப்பது சிறந்ததா என்று ஆராய்ச்சி எழுதுபவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பிள்ளைகளுக்கு நான் இந்த ஆட்டத்தைக் காட்டுவது ராணித் தியாகத்துக்காக அல்ல. கையிலிருக்கும் நேரத்தை, அதாவது மூவ்களில் முந்தியிருப்பதை, சிப்பாயாக மாற்றலாம், அல்லது நேரத்தை நேரமாகவே வைத்திருந்து இன்னும் பெரிதாக மாற்றலாம் என்ற தேர்வு எட்டாவது மூவில் கண்ணுக்குத் தெரிகிறதே, அதற்காக.

ஒரு நிலையில் கூடுதல் எந்த வகையைச் சேர்ந்தது என்று பிரித்தறிய நான் வகுப்பில் இரண்டு சோதனைகள் வைத்திருக்கிறேன். முதல் சோதனை, முறையை மாற்றிப் பார்ப்பது. அதே ஐந்தாவது மூவ் நிலையை வைத்து, வெள்ளை ஆட வேண்டிய இடத்தில் கருப்பை ஆட விடுங்கள். கருப்பு குதிரை எஃப்6, வெள்ளை பிஷப் சி4, கருப்பு சி6, வெள்ளை ராணி பி3, கருப்பு ராணி சி7. எஃப்7க்கும் காவல், பி7க்கும் காவல். நெருக்கடி பெருமளவு போய்விட்டது. நிஜ ஆட்டத்தில் ராணி பி3 வந்தபின் அதே சி6ஐ ஆடிப்பாருங்கள், பிஷப் எஃப்7ஐ வெட்டிச் செக் சொல்லும். ஒரே ஒரு மூவ் பற்றவில்லை. முறையை மாற்றினதும் கூடுதலில் பெரும்பகுதி கரைந்தால் அது நேரத்தால் வந்த கூடுதல். கரையாமல் நின்றால் அது அமைப்பால் வந்தது. நம் சித்தூர்ப் பக்கத்து வயல்காரர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும்: இரண்டு பேருக்கும் ஒரே அளவு வயல், ஒரே விதை, ஆனால் ஆழியாற்றுத் தண்ணீர் திறந்துவிட்டால் தலைமடைக்காரருக்கு முதலில் பாயும், கடைமடைக்காரர் காத்திருக்க வேண்டும். வயலை மட்டும் அளந்தால் இந்த வித்தியாசம் தெரியாது.

இரண்டாவது சோதனை, ராணிகளை எடுத்துவிட்டு யோசிப்பது. மேலே சொன்ன நிலையில் இரண்டு ராணிகளையும் போர்டிலிருந்து எடுத்துவிட்டால் எஃப்7 மேட் மிரட்டல் போய்விடும், பி7 மேல் பாய்ச்சலும் போய்விடும். மிஞ்சுவது வெள்ளைக்கு இரண்டு பிஷப், அது ஒரு சிறு நன்மை. ஆகவே உங்கள் மகளின் நிலையில் வெள்ளையின் கூடுதல் பெரும்பாலும் நேரத்தாலும் ராணியாலும் ஆனது. வெள்ளை சோம்பேறித்தனமாக இரண்டு மூவ் வீணாக்கினால் அது காணாமல் போகும்.

இரண்டு பிஷப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிச்சயத்திலிருந்து சந்தேகத்துக்குப் போகும் இடம் இது. அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் லாரி காஃப்மன் ஏராளமான ஆட்டங்களைக் கணினியில் போட்டு அலசி, 1999இல் வெளியிட்ட கட்டுரையில், இரண்டு பிஷப் ஜோடியாக இருப்பது சராசரியாக அரைச் சிப்பாய் மதிப்பு என்று சொன்னார். அதில் 'சராசரியாக' என்ற சொல்லை அழுத்திப் படியுங்கள். திறந்த நிலையில், சிப்பாய்கள் வழியை மறிக்காதபோது, அதைவிடக் கூடுதலாகவும் இருக்கும். மூடிய நிலையில், சிப்பாய்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும்போது, குதிரைகள் தேவலை என்றும் ஆகிவிடும். உங்கள் மகளின் நிலையில் டி வரிசை திறந்திருக்கிறது, நடுவில் இ4, இ5 சிப்பாய்கள் மட்டும் முட்டி நிற்கின்றன. பாதி திறந்த நிலை. அதனால் 0.9இல் எத்தனை பங்கு பிஷப் ஜோடியால், எத்தனை பங்கு நேரத்தால் என்று துல்லியமாகப் பிரித்துச் சொல்வது நியாயமில்லை. முறையை மாற்றிப் பார்த்த சோதனையை வைத்து, நேரத்தின் பங்கே பெரிது என்பது என் கணிப்பு.

இதற்கு நேர் எதிரான ஓபனிங் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் தெளியும். ருய் லோபஸில் பிஷப்பைக் குதிரைக்கு மாற்றிக்கொள்ளும் வகை: இ4, இ5, குதிரை எஃப்3, குதிரை சி6, பிஷப் பி5, ஏ6, பிஷப் சி6இல் வெட்ட, டி7 சிப்பாய் திரும்ப வெட்டுகிறது. பிறகு வெள்ளை டி4, இ5 சிப்பாய் அதை வெட்ட, ராணி வெட்ட, ராணிகள் மாறி, வெள்ளைக் குதிரை டி4இல் வந்து உட்காருகிறது. இங்கே இரண்டு பிஷப் கருப்பிடம். ஆனாலும் வெள்ளைக்கு ஒரு பிடிமானம் இருக்கிறது. சிப்பாய்களைப் பாருங்கள்: ராஜா பக்கத்தில் வெள்ளைக்கு நான்கு, கருப்புக்கு மூன்று. ராணி பக்கத்தில் கருப்புக்கு நான்கு, வெள்ளைக்கு மூன்று. ஆனால் கருப்பின் நான்கில் இரண்டு சி வரிசையில் ஒன்றன் பின் ஒன்றாக நிற்பதால், வெள்ளை சரியாகத் தடுத்தால் அந்த நான்கிலிருந்து தடையில்லாமல் ஓடும் ஒரு சிப்பாயை உண்டாக்குவது மிகக் கடினம். வெள்ளை நான்கிலிருந்து சுலபமாக உண்டாக்கலாம். எல்லாக் காய்களையும் எடுத்துவிட்டு ராஜாவும் சிப்பாயும் மட்டும் வைத்தால் வெள்ளைக்கே வெற்றி என்பது பழைய பாடம். இது நேரத்தால் வந்த கூடுதல் இல்லை. முறையை மாற்றினாலும் கரையாது, நாற்பது மூவ் கழிந்தாலும் அங்கேயே நிற்கும். அதே சமயம் காய்கள் போர்டில் இருக்கும்வரை கருப்பின் பிஷப் ஜோடி அதற்கு ஈடு கொடுக்கும். 1914இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் புள்ளியில் பின்தங்கியிருந்த அன்றைய உலகச் சாம்பியன் லாஸ்கர், கட்டாயம் ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தில் காபபிளாங்காவுக்கு எதிராக இதைத்தான் ஆடினார், ஜெயித்தார். ஆனால் அந்த நான்குக்கு மூன்று கணக்கால் அவர் ஜெயிக்கவில்லை. எஃப் சிப்பாயை எஃப்5க்குத் தள்ளி, அதன் பலத்தில் இ6இல் ஒரு குதிரையை உட்கார வைத்து, காபபிளாங்காவின் காய்களை மூச்சுத் திணற வைத்து ஜெயித்தார். ஓபனிங்கில் இருக்கும் நன்மை ஒன்று, ஆட்டத்தை முடிக்கும் நன்மை வேறொன்று என்று ஆவது இப்படித்தான்.

அடுத்து எஞ்சின் எண். இதில் தெளிவு இருந்தால் பாதிக் குழப்பம் தீரும். பழைய எஞ்சின்களில் ஆட்கள் எழுதி வைத்த விதிகள் இருந்தன: பிஷப் ஜோடிக்கு இவ்வளவு, இரட்டைச் சிப்பாய்க்குக் கழிவு இவ்வளவு என்று கூட்டிக் கழித்து ஒரு எண் வரும். அப்போது 'எங்கே அந்தச் சிப்பாய்' என்று கேட்டால் பிரித்துக் காட்டவும் முடிந்தது. ஸ்டாக்ஃபிஷ் என்ற எஞ்சின் 2020இல் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து நிலையை மதிப்பிட நரம்பு வலை ஒன்றைப் பயன்படுத்துகிறது. கோடிக்கணக்கான நிலைகளில் பயிற்சி பெற்ற அந்த வலை எண்ணைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. இன்னொன்றும் நடந்தது. 2022 டிசம்பரில் வந்த 15.1 பதிப்பில் எண்ணின் பொருளையே மாற்றி அமைத்தார்கள். எஞ்சின் தனக்கெதிராகத் தானே ஆடும்போது அந்த நிலையிலிருந்து ஜெயிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 50 என்றால் அதற்கு 1.0 என்று பெயர். ஆக 0.9 என்பது இன்று சிப்பாயின் எடை அல்ல, எஞ்சின் அளவு பலமுள்ள இருவர் ஆடினால் வெள்ளை ஜெயிக்கும் வாய்ப்பைக் குறிக்கும் குறியீடு. உங்கள் போனில் உள்ள ஆப் எந்தப் பதிப்பை ஓட்டுகிறது, எவ்வளவு ஆழம் பார்க்கிறது என்பதைப் பொறுத்து 0.7 என்றும் 1.1 என்றும் மாறினால் கலங்க வேண்டாம். எண் எந்தப் பக்கம் சாய்கிறது, அந்தச் சாய்வு நிலைத்து நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

உண்மையில் அந்த நிலை வெள்ளைக்கு வெற்றியா, சரியாக ஆடினால் டிராவா? இதை யாரும் நிரூபித்ததில்லை. ராஜாக்களையும் சேர்த்து ஏழு காய் வரை மிஞ்சும் நிலைகளுக்குத்தான் கணினிகள் முழு விடை கண்டு வைத்திருக்கின்றன. உங்கள் மகளின் நிலையில் 28 காய்கள் நிற்கின்றன. ஆட்டத்தின் முதல் நிலையைப் பற்றியும் இதே கதைதான். மாஸ்டர்கள் ஆடிய ஆட்டங்களின் தொகுப்புகளில் வெள்ளை நூற்றுக்குச் சுமார் 54, 55 புள்ளி எடுக்கிறது. முதல் மூவ் ஒரு சிறு நன்மை என்பது அனுபவத்தால் உறுதி. அது வெற்றிக்குப் போதுமா என்றால், போதாது, சரியாக ஆடினால் டிரா என்று பெரும்பாலான வல்லுநர்கள் நம்புகிறார்கள். நம்பிக்கைதான், நிரூபணம் இல்லை.

எண்ணைப் பார்த்துப் பயப்படும் பிள்ளைகளுக்கு நான் 2000இல் லண்டனில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியைச் சொல்வேன். அன்றைய சாம்பியன் காஸ்பரோவை எதிர்த்த கிராம்னிக், கருப்புக் காய்களோடு பெர்லின் தடுப்பு என்ற ஓபனிங்கை ஆடினார். எட்டாவது மூவிலேயே ராணிகள் மாறிவிடும், கருப்பு ராஜா டி8இல் வந்து நிற்கும், கேஸ்லிங் கிடையாது, சிப்பாயும் இரட்டை. பார்த்தால் வெள்ளைக்குத்தான் நன்றாக இருக்கிறது என்று தோன்றும், எஞ்சினும் சிறிதளவு வெள்ளைப் பக்கமே சாயும். ஆனால் ராணி இல்லாததால் நடு ராஜாவை அடிக்க ஆளில்லை, இரண்டு பிஷப்பும் கருப்பிடம், உள்ளே நுழைய வெள்ளைக்கு வாசல் இல்லை. காஸ்பரோவ் அந்த நிலையை நான்கு ஆட்டங்களில் முட்டிப் பார்த்தார், நான்கும் டிரா. அந்தப் போட்டி முழுக்க அவரால் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்க முடியவில்லை, 8.5க்கு 6.5 என்று பட்டம் கைமாறியது. ஒரு பக்கம் சாய்ந்த நிலை என்றால் மறுபக்கம் தோற்கும் என்று அர்த்தமில்லை. ஆனால் உங்கள் மகளின் நிலைக்கும் பெர்லினுக்கும் ஒரு பெரிய வித்தியாசம்: பெர்லினில் கருப்பு கொடுத்த விலைக்குப் பதில் ஏதோ வாங்கியிருக்கிறது. இவள் நிலையில் கொடுத்தது மட்டுமே இருக்கிறது, வாங்கியது ஒன்றும் இல்லை. இதனால்தான் அந்த ஓபனிங்கை விட்டுவிடச் சொல்கிறேன், எண்ணைப் பார்த்து அல்ல.

டி6 என்ற இரண்டாவது மூவை விட வேண்டியதில்லை. ஃபிலிடோர் தடுப்பு என்று அதற்குப் பெயர், பதினெட்டாம் நூற்றாண்டின் பிரெஞ்சு ஆட்டக்காரர் ஃபிலிடோரின் பெயரால் வழங்குவது, இன்றும் பெரிய ஆட்டக்காரர்கள் ஆடுகிறார்கள். மூன்றாவதில் பிஷப் ஜி4க்குப் பதிலாக இ5 சிப்பாயால் டி4ஐ வெட்டி, வெள்ளைக் குதிரை அங்கே வந்ததும் குதிரை எஃப்6, வெள்ளை குதிரை சி3, பிறகு பிஷப் இ7, கேஸ்லிங் என்று போகட்டும். அல்லது மூன்றாவதிலேயே குதிரை எஃப்6. இரண்டிலும் வெள்ளைக்குக் கொஞ்சம் இடம் அதிகம் கிடைக்கும், அது மறுக்க முடியாதது. ஆனால் சி8 பிஷப் உயிரோடு இருக்கும், பி7க்குக் காவல் இருக்கும், குதிரை வெளியே வந்திருக்கும். குதிரை பி8இலிருந்து டி7க்குப் போகும் வகையை மட்டும் கவனமாக ஆடச் சொல்லுங்கள்: மூன்றாவதில் குதிரை டி7, வெள்ளை பிஷப் சி4, அப்போது யோசிக்காமல் பிஷப் இ7 ஆடினால், வெள்ளை இ5இல் வெட்டும். குதிரையால் திரும்ப வெட்டினால், குதிரைகள் மாறிய பின் வெள்ளை ராணி எச்5க்கு வந்து எஃப்7ஐயும் இ5ஐயும் சேர்த்துப் பிடிக்கும், ஒரு சிப்பாய் போகும். சிப்பாயால் திரும்ப வெட்டினால் ராணி டி5 வரும், எஃப்7இல் மேட் மிரட்டல், அது இன்னும் மோசம்.

அவள் அளவில் நடக்கும் ஆட்டங்களில் 0.9 எதையும் தீர்மானிக்காது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஆட்டங்கள் முக்கால்வாசி இருபதாவது மூவுக்கு மேல், கவனிக்காமல் விட்ட ஒரு குதிரையாலோ ரூக்காலோதான் முடிகின்றன. அதனால் ஓபனிங் மனப்பாடத்தில் அவளை வதைக்க வேண்டாம். பதிலாக வாரம் ஒரு நிலையை எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு, எந்தப் பக்கம் நன்றாக இருக்கிறது, ஏன் என்று அவளைச் சொல்லச் சொல்லுங்கள். 'வெள்ளை நன்றாக டெவலப் ஆகியிருக்கிறது' என்று பொதுவாகச் சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். எந்தக் காய் எந்தக் கட்டத்தைக் காத்துக்கொண்டிருந்தது, இப்போது யார் காக்கிறார்கள், காவலில்லாத கட்டத்துக்கு எதிரி எத்தனை மூவில் வர முடியும், அதற்குள் இவளுக்கு எத்தனை மூவ் கிடைக்கும் என்று கட்டத்தின் பெயரைச் சொல்லிப் பதில் வரட்டும். பிறகு எஞ்சினைத் திறந்து, எண்ணைப் பார்க்காமல் அது காட்டும் முதல் மூன்று மூவ்களை மட்டும் பாருங்கள், அவள் சொன்ன கட்டத்தை நோக்கி அவை போகின்றனவா என்று. போகவில்லை என்றால் அந்த நிலையை எழுதி எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்க்கலாம்.